பச்சை டிக் விழுகிறது, ஆனால் டெஸ்ட் தோற்றிருக்கிறது: சிஐ ஸ்கிரிப்டை எப்படி அமைப்பது?

பிச்சிப்பூ (நாகர்கோவில்)

வணக்கம் நண்பர்களே. நாகர்கோவிலில் சின்ன அலுவலகம் எங்களுடையது. தோவாளைப் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவர்களுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். சர்வர் பக்கம் பைத்தான், போஸ்ட்கிரெஸ். திரைப் பக்கம் ரியாக்ட். நிரல் கோடு கிட்ஹப்பில் இருப்பதால் சிஐ வேலைக்கும் (கோடை ஏற்றும்போதெல்லாம் டெஸ்டைத் தானாக ஓட்டிப் பார்ப்பது) கிட்ஹப் ஆக்ஷன்ஸையே பயன்படுத்துகிறோம்.

பிரச்சினை இதுதான். ஒரு கடைக்காரர் போன் செய்து, விடியற்காலையில் போடும் பில்லெல்லாம் முந்தைய நாள் கணக்கில் போய் உட்காருகிறது என்றார். அதற்குத்தான் டெஸ்ட் எழுதியிருக்கிறோமே என்று ஓட்டத்தின் பதிவான லாக்கைத் திறந்தேன். சம்பந்தமே இல்லாத வேறு சில டெஸ்டுகள் தோற்றுக் கிடக்கின்றன, ஆனால் மேலே பச்சை டிக். தேதி டெஸ்ட் மட்டும் ஜோராக பாஸ்!

டெஸ்ட் படியில் இருப்பது ஒரே வரி. பைடெஸ்டை (பைத்தான் டெஸ்டுகளை ஓட்டும் கருவி) ஓட்டுகிறோம், அதன் வெளியீட்டை பைப் போட்டு டீ கட்டளைக்கு அனுப்பி ஒரு கோப்பில் சேமிக்கிறோம். அவ்வளவுதான்.

எனக்குத் தெரிய வேண்டியவை: தோற்ற பிறகும் பச்சை ஏன்? தேதி டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? அப்புறம், சிஐ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் எங்கள் யாமல் கோப்பு ஆடி மாத வாழை மாதிரி காற்றில் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத நிலையில் நிற்கிறது. எதை யாமலில் வைப்பது, எதைத் தனி ஸ்கிரிப்டில் வைப்பது?

முப்பந்தல் காற்று (ஆரல்வாய்மொழி)

முதல் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். குற்றவாளி அந்த டீ.

சிஐ உங்கள் லாக்கைப் படிப்பதில்லை. சிவப்பு எழுத்தில் எத்தனை வரி ஓடினாலும் அதற்குக் கவலை கிடையாது. ஸ்கிரிப்ட் முடியும்போது திருப்பித் தரும் எக்ஸிட் கோடு என்ன என்று மட்டும் பார்க்கும். சுழியம் என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. பைப் போட்ட வரியில் பேஷ் (லினக்ஸில் கட்டளைகளை ஓட்டும் ஷெல்) எடுத்துக்கொள்வது கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோடை. உங்கள் வரியில் கடைசிக் கட்டளை டீ. டீயின் வேலை வந்ததைக் கோப்பில் எழுதுவது. அது ஒழுங்காக எழுதிவிட்டது, சுழியம் திருப்பிவிட்டது. பைடெஸ்ட் 1 என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை.

இதைத் தடுப்பது பைப்ஃபெயில் என்ற அமைப்பு. அதைப் போட்டால் பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் மொத்த வரியும் தோற்கும். இதில் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லினக்ஸ் ரன்னரில் (சிஐ ஓடும் மெஷினில்) ஷெல் எது என்று நீங்கள் சொல்லாமல் விட்டால், அது பேஷை மைனஸ் ஈ (ஒரு கட்டளை தோற்றால் அங்கேயே நில்) மட்டும் போட்டு ஓட்டும், பைப்ஃபெயில் இருக்காது. ஷெல் பேஷ் என்று நீங்களே வெளிப்படையாக எழுதினால் பைப்ஃபெயிலும் சேர்ந்து வரும். இரண்டுமே பேஷ்தான், நடத்தை மட்டும் வேறு. ஆவணத்தில் இருக்கிறது, ஆனால் பலர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

கோடை மாற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்: வேண்டுமென்றே தோற்கும் டெஸ்ட் ஒன்றை எழுதித் தனி பிராஞ்சில் ஏற்றுங்கள். சிவப்பு வராவிட்டால் உங்கள் சிஐ வெறும் அலங்கார விளக்கு. புதிதாக சிஐ அமைக்கும் யாரும் முதலில் செய்ய வேண்டிய காரியம் இது என்பேன்.

மார்த்தாண்டம் பஸ் (மார்த்தாண்டம்)

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான், போங்க. எங்கள் இடத்திலும் இருந்தது, வேறு வேஷத்தில். டெஸ்ட் வரியின் கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் "அல்லது ட்ரூ" போட்டு வைத்திருந்தார், டெஸ்ட் தோற்றாலும் வரி வெற்றி என்றே முடியும். ரிலீஸ் அவசரத்தில் போட்டது, எடுக்க மறந்தது.

முப்பந்தல் காற்று

அதுவும்தான். தோற்றாலும் மேலே போ என்னும் கண்டினியூ ஆன் எரர் என்ற அமைப்பும் அதே ஜாதி. இந்த மூன்றையும் கோப்புகளில் தேடிப் பாருங்கள் பிச்சிப்பூ.

இன்னொன்று. தனி ஸ்கிரிப்ட் கோப்பை யாமலிலிருந்து கூப்பிடும்போது, வெளியே இருக்கும் மைனஸ் ஈ உள்ளே போகாது. கூப்பிடப்படும் ஸ்கிரிப்ட் தனி பேஷில் ஓடுகிறது. அதன் தலையில் இந்த அமைப்புகளைப் போடும் செட் வரி இல்லாவிட்டால், நடுவில் எது தோற்றாலும் கடைசி வரியில் இருக்கும் "முடிந்தது" என்ற எக்கோ சுழியம் கொடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு ஸ்கிரிப்டின் முதல் வரிகளில் ஈ, யூ, பைப்ஃபெயில் மூன்றும் இருக்க வேண்டும். யூ எதற்கென்றால், பெயர் தப்பாக அடித்த மாறியை வெற்றாக எடுத்துக்கொண்டு ஓடாமல் அங்கேயே நிற்பதற்கு. வெற்று மாறியோடு ஒரு அழிப்புக் கட்டளை ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

மைனஸ் ஈ-யை முழுசாக நம்பவும் கூடாது. இஃப் நிபந்தனைக்குள் ஓடும் கட்டளை தோற்றால் அது நிறுத்தாது. ஃபங்க்ஷனுக்குள் லோக்கல் என்று அறிவித்துக்கொண்டே அதே வரியில் ஒரு கட்டளையின் விடையை வாங்கினால், தோல்வியை லோக்கல் விழுங்கிவிடும். அறிவிப்பைத் தனி வரியிலும் வாங்குவதைத் தனி வரியிலும் எழுதுங்கள்.

பைடெஸ்டின் எக்ஸிட் கோடுகளும் தெரிந்திருந்தால் நல்லது. 1 என்றால் சில டெஸ்ட் தோல்வி. 2 பாதியில் நிறுத்தப்பட்டது. 3 அதன் உள்ளேயே கோளாறு. 4 நாம் கூப்பிட்ட விதம் தப்பு. 5 என்றால் டெஸ்டே கிடைக்கவில்லை. இந்த 5 அருமையான விஷயம், யாரோ ஃபோல்டர் பெயரை மாற்றிவிட்டால் அப்போதே தெரிந்துவிடும். சிலர் தொல்லை என்று அதைச் சுழியமாக மாற்றி விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பிச்சிப்பூ

நன்றி அண்ணே. ஷெல் பேஷ் என்று எழுதியதும் சிவப்பாகிவிட்டது. தோற்றவற்றில் பாதி, கமிஷன் கணக்கிடும் முறையை மாற்றியபோது திருத்தாமல் விட்ட பழைய டெஸ்டுகள். அவற்றைச் சரிசெய்துவிட்டோம். தேதி டெஸ்ட் மட்டும் இன்னும் பச்சையாகவே நிற்கிறது, கடையில் பிழை அப்படியே இருக்கிறது.

டெஸ்ட் என்ன செய்கிறது என்றால்: இப்போதைய நேரத்தில் ஒரு பில் போடும், இன்றைய தேதிக்கான விற்பனை அறிக்கையை எடுக்கும், அந்த பில் அதில் இருக்கிறதா என்று பார்க்கும். அறிக்கை, பில் உருவான நேரத்தின் தேதியை டேட்டாபேஸிலிருந்து எடுக்கிறது. நேரம் யுடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் உள்ள உலகப் பொது நேரம்) சேமிக்கப்படுகிறது.

வேளிமலை (தக்கலை)

இதிலேயே விடை இருக்கிறது தம்பி. சிஐ ரன்னரின் கடிகாரம் யுடிசி. அங்கே "இன்று" என்பதும் யுடிசி, பில்லின் தேதியும் யுடிசி. எந்த நேரத்தில் ஓட்டினாலும் இரண்டும் பொருந்தும், எப்போதும் பச்சை. உங்கள் லேப்டாப்பில் "இன்று" இந்திய நேரம், பில் யுடிசி. இரண்டும் மாறுபடுவது நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை மட்டும். அந்த நேரத்தில் அலுவலகத்தில் யார் உட்கார்ந்து டெஸ்ட் ஓட்டுகிறார்கள்?

ஆனால் தோவாளையில் அதுதான் வியாபார நேரம். காலை 4.10-க்குப் பிச்சிப்பூவுக்கு பில் போட்டால் யுடிசியில் அது முந்தைய நாள் இரவு 10.40. ஏப்ரல் 1 விடியலில் போட்ட பில் போன நிதியாண்டுக்கே போய்விடும். ஓணத்துக்கு முந்தைய நாட்களில் கேரளத்து வண்டிகள் வரிசையாக நிற்கும்போது இந்தப் பிழை எவ்வளவு பணத்தை இடம் மாற்றும் என்று யோசியுங்கள்.

மார்த்தாண்டம் பஸ்

அப்போ யாமலில் நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் மாறியை ஏசியா கொல்கத்தா என்று போட்டால் முடிந்ததே. ஒரே வரி. எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

வேளிமலை

முடியாது. அப்படிப் போட்டால் சிஐ உங்கள் லேப்டாப் மாதிரி ஆகும். லேப்டாப்பில் பகலில் பாஸ் ஆவது சிஐயிலும் பகலில் பாஸ் ஆகும். ராத்திரி யாராவது கமிட் செய்தால் மட்டும் சிவக்கும், காலையில் மறுபடி ஓட்டினால் பச்சை. உடனே "இந்த டெஸ்ட் இப்படித்தான், ரீரன் கொடு" என்று ஒரு பழக்கம் வந்துவிடும். அது பிழையைவிட மோசம்.

செய்ய வேண்டியது வேறு. "இப்போது மணி என்ன" என்று கோடு எங்கே கேட்கிறதோ, அந்த இடத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றுங்கள். டெஸ்டில் கடிகாரத்தைக் காலை 4.10 இந்திய நேரத்தில் நிறுத்தி பில் போடுங்கள். ஒன்று சாதாரண நாள், ஒன்று மாதத்தின் 1-ஆம் தேதி, ஒன்று ஏப்ரல் 1. அறிக்கைக் கோடு யுடிசி நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் தேதியை எடுக்க வேண்டும். இதற்கு மேல் டிஇசட்டை எதற்கு வைத்தாலும் டெஸ்ட் அதே விடைதான் தரும். வேண்டுமானால் அதே டெஸ்ட் தொகுதியை ஒருமுறை யுடிசியிலும் ஒருமுறை கொல்கத்தா நேரத்திலும் ஓட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் கோடு ரன்னரின் கடிகாரத்தை நம்பி இல்லை என்று அர்த்தம்.

பைத்தான் 3.9 முதல், நேர மண்டலம் மாற்ற உதவும் சோன்இன்ஃபோ உள்ளேயே வருகிறது. ஆனால் விண்டோஸில் நேர மண்டலத் தகவல் அதற்குக் கிடைக்காது, சில சின்ன டாக்கர் இமேஜ்களிலும் (மென்பொருளை அதன் சூழலோடு கட்டிய பொதி) இருக்காது. டிஇசட்டேட்டா தொகுப்பை ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கேள்வியோடு நாளைக்கே வருவீர்கள்.

மார்த்தாண்டம் பஸ்

சரி அக்கா, ஒத்துக்கொண்டேன்.

குளச்சல் கரை (குளச்சல்)

இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன், மன்னிக்கவும். என்னுடையது இதற்கு நேர் எதிர். என் லேப்டாப்பில் பாஸ், சிஐயில் தோல்வி, எல்லா நேரத்திலும். வாடிக்கையாளர் ஊர்களை அகர வரிசையில் காட்ட வேண்டும். டெஸ்டில் எதிர்பார்ப்பது குலசேகரம், குழித்துறை, குளச்சல். சிஐயில் வருவது குலசேகரம், குளச்சல், குழித்துறை. என் ஊர் முன்னால் வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லைதான், ஆனாலும்.

முப்பந்தல் காற்று

சிஐயில் போஸ்ட்கிரெஸ் எந்த இமேஜ்? ஆல்பைன் என்று முடிகிறதா?

குளச்சல் கரை

ஆமாம், சின்னதாக இருக்கிறது, சீக்கிரம் இறங்கும் என்று அதைப் போட்டேன். லேப்டாப்பில் உபுண்டு, நேரடியாக நிறுவியது.

முப்பந்தல் காற்று

அதுதான். யூனிகோடில் தமிழ் எழுத்துகள் அடுக்கப்பட்டிருப்பது ய, ர, ற, ல, ள, ழ, வ என்று. நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. வெறும் எண் வரிசையில் அடுக்கினால் ள முன்னால், ழ பின்னால். அதனால் குளச்சல் முந்திக்கொள்கிறது. ன-வுக்கும் இதே கதி: யூனிகோடில் அது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. நம் வரிசையில் கடைசி. புள்ளி வைத்த எழுத்திலும் வரும். அகராதியில் பச்சை முதலில், பசலை பிறகு. எண் வரிசையில் தலைகீழ்.

ஆல்பைன் லினக்ஸின் அடிப்படை சி நூலகமான மஸல் மொழிவாரி வரிசையைக் கவனிப்பதில்லை, எண் வரிசையில்தான் அடுக்கும். டெபியன் வகை இமேஜில் அதற்குப் பதில் ஜிலிப்சி என்ற நூலகம் இருக்கிறது, அது சரியாக அடுக்கும். டெபியன் இமேஜுக்கு மாறினால் உங்கள் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். ஆனால் நாளைக்கு சர்வரை யாராவது மாற்றினால் மறுபடி இதே கூத்து. ஆர்டர் பை போடும் இடத்தில் தமிழுக்கான ஐசியு கொலேஷனை (மொழிவாரி அடுக்கும் விதி) வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அப்போது இயங்குதளத்தின் தயவு தேவைப்படாது.

சர்வரில் எந்த இமேஜ், எந்தப் பதிப்பு ஓடுகிறதோ அதையே சிஐயிலும் வையுங்கள். சிஐக்கு மட்டும் எஸ்கியூலைட், சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்று வைப்பவர்களும் இருக்கிறார்கள். வேகம் கிடைக்கும், ஆனால் வேறொரு டேட்டாபேஸைச் சோதித்து என்ன பயன்?

வேளிமலை

குளச்சல் தம்பி, ஊர்ப் பெயர் வைத்து டெஸ்ட் எழுதுகிறீர்கள் என்றால் கொல்லங்கோட்டையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். கொ என்பதை ஒரே துணைக்குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். எந்த விசைப்பலகையில் அடித்தது என்பதைப் பொறுத்தது. டேட்டா உள்ளே வரும் இடத்திலேயே என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

குளச்சல் கரை

ஐயோ, தேடல் பெட்டியில் கொல்லங்கோடு கிடைக்கவில்லை என்று ஒரு புகார் திறந்தபடியே கிடக்கிறது. அதுவும் இதுதான் போல. நன்றி அக்கா!

பிச்சிப்பூ

மூன்றாவது கேள்விக்கு வருவோமா? யாமலா, ஸ்கிரிப்டா?

முப்பந்தல் காற்று

என் கட்சி தெளிவு. பில்ட் எப்படி, டெஸ்ட் எப்படி என்பது உங்கள் கோடோடு சேர்ந்தது. அது ரெப்போவுக்குள் (கோடு இருக்கும் களஞ்சியம்) ஸ்கிரிப்டாக இருக்க வேண்டும். யாமலில் இருக்க வேண்டியது சிஐக்கு மட்டுமே தெரிந்த சமாச்சாரம்: எப்போது ஓட வேண்டும், எந்த மெஷினில், எந்த டேட்டாபேஸ் பக்கத்தில் நிற்க வேண்டும், எதைக் கேஷ் செய்வது (அடுத்த ஓட்டத்துக்குச் சேமித்து வைப்பது), எந்த ரகசியச் சாவியை எந்தப் படிக்குக் கொடுப்பது.

காரணம், சிஐயில் சிவப்பு விழுந்தால் அதே ஸ்கிரிப்டை என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்க முடியும். எல்லாம் யாமலுக்குள் இருந்தால், ஒரு எழுத்தை மாற்றி, கமிட் செய்து, ஏற்றி, காத்திருந்து, மறுபடி ஒரு எழுத்தை மாற்றி... கமிட் வரலாறு முழுக்க "சிஐ ஃபிக்ஸ்", "சிஐ ஃபிக்ஸ் மறுபடி", "கடைசி ஃபிக்ஸ்" என்று நிறைந்திருக்கும். இதைப் பார்க்காத குழு உண்டா?

மார்த்தாண்டம் பஸ்

இங்கே நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நான் தினமும் கழக்கூட்டம் போய் வேலை பார்க்கிற ஆள். அங்கே இப்படி ஒரே ஒரு பெரிய ஸ்கிரிப்ட் இருந்தது. யாமலில் ஒரே படி: "எல்லாவற்றையும் ஓட்டு". எந்த இடத்தில் நேரம் போகிறது என்று பார்க்க வழி இல்லை, லாக் ஒரே ஆறாக ஓடும். லிண்டும் (கோடின் எழுத்து நடையைச் சரிபார்ப்பது) டெஸ்டும் ஒரே நேரத்தில் தனித்தனி மெஷினில் ஓட முடியாது. மூன்று பைத்தான் பதிப்பில் ஓட்ட மேட்ரிக்ஸ் என்று ஒரு வசதி யாமலில் இருக்கிறது, அதை பேஷில் ஃபார் லூப் போட்டு எழுதி வைத்திருந்தார்கள். இருக்கிற வசதியை விட்டுவிட்டு இது எதற்கு?

முப்பந்தல் காற்று

ஒரே ஸ்கிரிப்ட் என்று நான் சொல்லவில்லையே. நிறுவுவதற்கு ஒன்று, லிண்டுக்கு ஒன்று, டெஸ்டுக்கு ஒன்று, பில்டுக்கு ஒன்று. யாமலில் ஒவ்வொன்றும் தனிப் படி, தேவைப்பட்டால் தனி ஜாப். மேட்ரிக்ஸ் யாமலிலேயே இருக்கட்டும், ஸ்கிரிப்டுக்கு எந்தப் பதிப்பு என்று தெரியவே வேண்டாம்.

மார்த்தாண்டம் பஸ்

அப்படியென்றால் சண்டை முடிந்தது. ஆனால் பேஷ் ஸ்கிரிப்ட் நீளமானால் அது யாமலைவிடக் கொடுமை. இஃப்-க்குள் இஃப் வந்தால் பைத்தானில் எழுதிவிடுங்கள்.

ரப்பர் பால் (குலசேகரம்)

இந்தக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது ட்ராவிஸ் சிஐ காலத்திலேயே இருந்தது. அதில் இன்ஸ்டால் கட்டத்தில் ஒரு கட்டளை தோற்றால் பில்ட் அங்கேயே நின்று "எரர்டு" என்று காட்டும். ஸ்கிரிப்ட் கட்டத்தில் தோற்றால் "ஃபெயில்டு", ஆனால் அடுத்தடுத்த வரிகள் தொடர்ந்து ஓடும். கொட்டாரத்திலிருந்து வந்த ஒரு பையன் என்னிடம், டெஸ்ட் தோற்ற பிறகும் ஏன் அடுத்த வரி ஓடுகிறது என்று கேட்டுக் குழம்பியிருக்கிறான். டெஸ்ட் வரிக்குக் கீழேயே டெப்ளாய் வரியை வைத்தவர்கள் பாடு அதோகதி. வெற்றிக்குப் பின் வரும் கட்டம் தனியாக இருந்தது, அங்கே வைக்க வேண்டியது.

இன்னொரு யோசனை கேட்கிறேன். எங்கள் அலுவலகத்தில் பழைய டெஸ்க்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை ரன்னராகப் போட்டால் நிமிடக் கணக்கே இல்லையே?

முப்பந்தல் காற்று

போடலாம். கணக்கு என்னவென்றால், தனியார் ரெப்போவுக்கு கிட்ஹப்பின் இலவசத் திட்டத்தில் மாதம் 2000 நிமிடம் கிடைக்கும், பொது ரெப்போவுக்குக் கட்டணமே இல்லை. நாலைந்து பேர் குழுவுக்கு, கேஷ் ஒழுங்காக இருந்தால், அந்த 2000 போதும். நிமிடத்தைத் தின்பது பெரும்பாலும் தொங்கிப்போன டெஸ்ட்தான். ஒரு ஜாபின் இயல்பான கால வரம்பு 360 நிமிடம். ஆறு மணி நேரம்! நீங்களே 15 என்று குறைத்துப் போடுங்கள். ஒரே பிராஞ்சில் புதிய கமிட் வந்தால் பழைய ஓட்டத்தை ரத்து செய்யும் அமைப்பும் இருக்கிறது, அதையும் போடுங்கள்.

சொந்த மெஷினில் இரண்டு சங்கடம். ஒன்று, கிட்ஹப் தரும் மெஷின் ஒவ்வொரு முறையும் புதிது. உங்கள் டெஸ்க்டாப்பில் போன ஓட்டத்தின் மிச்சம் மீதி எல்லாம் கிடக்கும். பழைய கோப்பு ஒன்று இருப்பதால் மட்டுமே பாஸ் ஆகும் டெஸ்டை நீங்கள் கண்டுபிடிக்கவே முடியாது. டாக்கருக்குள் ஓட்டினால் ஓரளவு சரியாகும். இரண்டு, ரெப்போ பொதுவானது என்றால் வேண்டவே வேண்டாம். யாரோ ஒருவர் ஃபோர்க் செய்து (நகலெடுத்து) புல் ரிக்வெஸ்ட் (மாற்றக் கோரிக்கை) போட்டு, உங்கள் அலுவலக மெஷினில் தன் கோடை ஓட்டிவிடலாம். கிட்ஹப்பே இதை எச்சரிக்கிறது.

மூன்றாவதும் இருக்கிறது, நம் ஊர் மழை. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டும் பெய்கிற மாவட்டம். குலசேகரம் பக்கம் ரப்பர் கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் அன்றைக்கு உங்கள் சிஐக்கும் லீவு.

ரப்பர் பால்

அது உண்மை. யுபிஎஸ் வைத்தாலும் நெட் போய்விடும். விட்டுவிடுகிறேன்.

பிச்சிப்பூ

கேஷ் பற்றிச் சொன்னீர்களே, எங்களுடையது இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு முறையும் நோட் தொகுப்புகள் முழுசாக இறங்குகின்றன.

வேளிமலை

கேஷ் சாவியில் கமிட் எண்ணைச் சேர்த்திருக்கிறீர்களா? அப்படியானால் ஒவ்வொரு கமிட்டுக்கும் புதுச் சாவி, பழையது பொருந்தவே பொருந்தாது. தொகுப்புகளின் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் லாக் கோப்பின் (lock, ஓட்டப் பதிவு அல்ல) ஹேஷை மட்டும் சாவியில் வையுங்கள். தொகுப்புப் பட்டியல் மாறினால்தான் சாவி மாறும்.

என்பிஎம் இன்ஸ்டாலுக்குப் பதில் என்பிஎம் சிஐ என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். லாக் கோப்பில் உள்ள பதிப்புகளை அப்படியே நிறுவும், பேக்கேஜ் கோப்போடு அது பொருந்தாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடும். நிறுவும் முன் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழித்துவிடும் என்பதால் அந்த ஃபோல்டரைக் கேஷ் செய்வதில் அர்த்தமில்லை. என்பிஎம்மின் சொந்தக் கேஷ் ஃபோல்டரைச் சேமியுங்கள். கிட்ஹப்பில் ஏழு நாள் யாரும் தொடாத கேஷ் அழிக்கப்பட்டுவிடும், அதனால் பொங்கல் லீவு முடிந்து வந்து முதல் ஓட்டம் மெதுவாக இருந்தால் பயப்படாதீர்கள்.

பிச்சிப்பூ

கமிட் எண்ணேதான் இருந்தது. மாற்றிவிட்டேன், நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் இப்போது டேட்டாபேஸ் டெஸ்ட் சில சமயம் "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று தோற்கிறது. சில சமயம் மட்டும்.

முப்பந்தல் காற்று

முன்னே நிறுவல் மெதுவாக இருந்ததால் அதற்குள் போஸ்ட்கிரெஸ் எழுந்து தயாராகிவிட்டது. இப்போது நிறுவல் முந்திக்கொண்டது. ஸ்லீப் 20 என்று போட வேண்டாம், ஒருநாள் 21 விநாடி ஆகும். சர்வீஸ் பகுதியில் பிஜி இஸ்ரெடி கட்டளையை ஹெல்த் செக்காகக் கொடுங்கள். அது சரி என்று சொன்ன பிறகே படிகள் தொடங்கும்.

மார்த்தாண்டம் பஸ்

விண்டோஸில் வேலை செய்பவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் பட்டறிவு. ஸ்கிரிப்டின் வரி முடிவு விண்டோஸ் வகையில் போனால் லினக்ஸ் பேஷைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று விசித்திரமாகப் புலம்பும். கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஸ்கிரிப்டுகளுக்கு எல்எஃப் (லினக்ஸ் வகை வரி முடிவு) என்று கட்டாயப்படுத்துங்கள். எக்ஸிட் கோடு 126 வந்தால் பெரும்பாலும் ஓட்டும் அனுமதி இல்லை என்று பொருள், 127 வந்தால் கட்டளையே இல்லை. கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. யாமலில் பைத்தான் 3.10 என்று எழுதும்போது மேற்கோள் குறி போடாவிட்டால் அது 3.1 ஆகிவிடும். அப்புறம் 137 வந்தால் மெமரி தீர்ந்து கொல்லப்பட்டிருக்கலாம், டெஸ்டைக் குறை சொல்லாதீர்கள்.

குளச்சல் கரை

எஸ்எம்எஸ் அனுப்பும் சாவியை எங்கே வைப்பது? இப்போது யாமலிலேயே இருக்கிறது...

வேளிமலை

முதலில் அந்தச் சாவியை ரத்து செய்து புதியது வாங்குங்கள். வரலாற்றில் ஏறிவிட்டது, இப்போது வரியை அழித்தாலும் பழைய கமிட்டில் இருக்கும். புதியதை சீக்ரெட்ஸில் போடுங்கள், எந்தப் படிக்குத் தேவையோ அதற்கு மட்டும் கொடுங்கள். ஸ்கிரிப்டில் செட் மைனஸ் எக்ஸ் (ஓடும் கட்டளையையெல்லாம் லாக்கில் காட்டுவது) போட்டிருந்தால் அந்தப் படியில் எடுத்துவிடுங்கள். கிட்ஹப் சாவியை லாக்கில் நட்சத்திரம் போட்டு மறைக்கும்தான், ஆனால் அதையே வேறு வடிவத்துக்கு மாற்றி அச்சிட்டால் மறைக்காது. ஃபோர்க்கிலிருந்து வரும் புல் ரிக்வெஸ்டுக்கு சீக்ரெட்ஸ் போகாது என்பதால், சாவி இல்லாவிட்டாலும் டெஸ்ட் ஓடும்படி போலி அனுப்புநர் ஒன்றை எழுதி வையுங்கள். டெஸ்ட் ஓடும்போதெல்லாம் நிஜ எஸ்எம்எஸ் போவது எப்படியும் நல்லதில்லை.

பிச்சிப்பூ

நிலவரம் சொல்கிறேன். நாலு ஸ்கிரிப்ட், சின்ன யாமல். டீயை எடுத்துவிட்டு பைடெஸ்டின் ஜேயூனிட் அறிக்கையை (டெஸ்ட் முடிவுகளின் கோப்பு) எழுதவைத்து, டெஸ்ட் தோற்றாலும் அதை ஏற்றும்படி ஆல்வேஸ் நிபந்தனை போட்டிருக்கிறேன். கடிகாரத்தை 4.10-ல் நிறுத்தி எழுதிய டெஸ்ட் உடனே சிவந்தது, அறிக்கைக் கோடைத் திருத்தியதும் பச்சை. இரண்டு நேர மண்டலத்திலும் ஓட்டிப் பார்த்தோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். இரவு 2 மணிக்கு முழு டெஸ்டும் ஓட வேண்டும், குறித்த நேரத்தில் ஓட்டும் கிரானில் என்ன எழுதுவது? கடைகளில் ஏற்கெனவே தப்பான நாளில் விழுந்த பில்களை என்ன செய்வது?

முப்பந்தல் காற்று

கிரான் இயல்பாக யுடிசியில் எண்ணும். நம் இரவு 2 மணி அங்கே முந்தைய நாள் 20.30. வாரத்தின் குறிப்பிட்ட நாளில் மட்டும் ஓட வேண்டும் என்றால் கிழமையும் ஒன்று பின்னால் போகும், கவனம். மணி தொடங்கும் நிமிடத்தில் நெரிசல் இருக்கும், தாமதமாகலாம். அரை மணிக்குப் பதில் 20.37 மாதிரி ஒரு கோணல் நிமிடம் போடுங்கள்.

வேளிமலை

பில் உருவான நேரம் யுடிசியில் சரியாகவே இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். அறிக்கை அதிலிருந்தே தேதியை எடுக்கிறது என்றால், கோடைத் திருத்தியதும் பழைய பில்களும் தாமாகவே சரியான நாளுக்கு வந்துவிடும். பில் தேதி என்று தனிக் கட்டம் எங்காவது சேமித்திருந்தால் மட்டும் அதை உருவான நேரத்திலிருந்து மறுபடி கணக்கிட்டு எழுத வேண்டும். கடைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நேற்றைய மொத்தம் திடீரென்று மாறினால் பதறிப்போவார்கள். விவசாயிக்குப் பணம் கொடுத்து முடித்த நாட்களின் பழைய அறிக்கையை பிடிஎஃபாக எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் ஏற்றுங்கள்.

பிச்சிப்பூ

தினசரி முடிப்பு அட்டவணையில் தனிக் கட்டம் இருக்கிறது அக்கா. ஒரு கடையின் டேட்டா நகலில் முதலில் ஓட்டிப் பார்க்கிறேன். சந்தை மதியத்துக்குள் ஓய்ந்துவிடும், அதற்கப்புறம்தான் சர்வரில் கை வைப்போம்.